மூன்று கல்லில் எது ஆத்தா?

மேட்டாத்தாளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்கள் என்ற சேதி, சாயங்காலப் பால் ஊற்ற வரிசையில் நின்றபோதுதான் கோவிந்தம்மாளின் காதில் விழுந்தது.

சொன்னவர் மாதப்பன். மேட்டாத்தாளுக்குப் பூசை செய்கிறவரே அவர்தான். கோவிந்தம்மாளின் வீட்டுக்காரன் முருகேஷுக்குப் பெரியப்பா மகன். அவர் பால் ஊற்ற வரவில்லை. தோளில் போட வேண்டிய துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி அவளைத் தேடிக்கொண்டு வந்திருந்தார்.

“உன் மவ எங்கம்மா?”

“ஸ்பெஷல் கிளாசுங்க மாமா. இன்னும் வரல. ஏன்?”

“ஏனா? மேட்டுல ஆத்தா இல்ல. புங்கமரத்தடி வெறும் குழியாக் கெடக்குது. நாயி கீயி இழுத்துட்டுப் போயிருச்சோன்னு காடு பூராத் தேடிட்டு வந்தா, நம்ம குப்புராஜ் சொல்றான், ஆத்தா பள்ளிக்கூடத்துல மேசை மேல இருக்கறாளாம். மஞ்சளு இல்ல, குங்குமம் இல்ல. சோப்புப் போட்டுக் கழுவி, பக்கத்துல அட்டையில கோடாலின்னு எழுதி வெச்சிருக்குதாம். எடுத்துட்டுப் போனது உன் மவதானாம்.”

பின்னால் நின்ற சுகுணாவுக்கு வாய் சும்மா இருக்காது. “என்னா சோப்புங்க, வாசனை சோப்பா, துணி சோப்பா?” என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. கோவிந்தம்மாளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பால் கேனைக் கீழே வைத்தாள். பிறகு எதற்கு வைத்தோம் என்று தெரியாமல் மறுபடியும் தூக்கிக்கொண்டாள்.

மேட்டாத்தா யாரென்று உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, சித்தேரி மலை இறங்கி வந்து நிற்கிற இடத்தில் அந்த ஊர். ஊருக்கு மேற்கே குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காட்டுக்கு நடுவில் ஒரு மேடு. மேட்டின் மேல் ஒரு புங்கமரம், மரத்தடியில் ஒரு கல். கோபுரமும் கிடையாது, கூரையும் கிடையாது. கல்லும் பெரிதில்லை. ஒரு சாண் நீளம் இருக்கும். ஒரு முனை கூம்பியும், மறுமுனை அகன்று தட்டையாகவும், தடவினால் வழவழவென்றும் இருக்கும். அதற்குக் கண் வைக்கவில்லை, மூக்கு வைக்கவில்லை. மஞ்சள்தான் அதற்கு முகம். மஞ்சளின் மேல் மஞ்சள் ஏறி, எண்ணெய் இறங்கி, எந்தக் காலத்திலோ அதன் சொந்த நிறம் எல்லோருக்கும் மறந்து போயிருந்தது.

அதற்கு ஒரு கதையும் உண்டு. உலகமெல்லாம் தண்ணீராக இருந்ததாம். ஆத்தாளுக்குக் கால் வைக்க இடமில்லை. மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் விட்டாளாம். அது மிதந்தது. அதன் மேல் ஏறி நின்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்ததாம். சிரித்தபோது தெறித்த எச்சிலில் கேழ்வரகு முளைத்ததாம். அந்தக் கேழ்வரகை அந்தக் கல்லாலேயே அரைத்துக் களி கிண்டி, முதல் உருண்டையில் ஆணைப் பிடித்தாள், இரண்டாவது உருண்டையில் பெண்ணைப் பிடித்தாள், மூன்றாவதைத் தான் தின்றுவிட்டாள். அவளுக்கும் பசிக்கும் அல்லவா? இந்தக் கதையை வருசத்துக்கு ஒரே நாள், மேட்டில் களி படைக்கிற ஞாயிற்றுக்கிழமை, கல்லின் முன்னால் மாதப்பன் சொல்வார். மற்ற நாளில் கேட்டால் வாய் திறக்க மாட்டார். அந்த ஞாயிறு இதோ வந்துகொண்டிருந்தது.

இனி கோவிந்தம்மாளின் சங்கதி. அவளுக்கு முதலில் தங்கியது வயிற்றிலேயே போயிற்று. அடுத்தது பிறந்து, பேர் வைப்பதற்குள் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு நாள் கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறி, அந்தக் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். என்ன வார்த்தை சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. அதற்கப்புறம் பிறந்தவள்தான் அன்பரசி. அன்றிலிருந்து வருசா வருசம் கல்லுக்கு முதல் மஞ்சள் கோவிந்தம்மாளின் கைமஞ்சள். பூசும்போது குனிந்து, “நீ குடுத்தது நல்லா இருக்குது ஆத்தா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவாள். வருசத்துக்கு அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லாமல் விட்டால் என்னவாகும் என்று அவள் யோசித்ததே இல்லை. இப்போது பால் கேனோடு வீட்டுக்கு நடக்கும்போது அதைத் தவிர வேறு யோசனையே ஓடவில்லை.

அன்பரசி வந்ததும் முதலில் அப்பனைத்தான் காட்டிக்கொடுத்தாள்.

“அப்பாகிட்ட கேட்டுட்டுத்தாம்மா எடுத்தேன்.”

முருகேஷ் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எக்சிபிசனுக்கு ஒரு கல்லு வேணும்னா. எடுத்துக்கோன்னேன். காட்டுல கல்லுக்கா பஞ்சம்? ஆத்தாளத் தூக்குவான்னு நான் என்னத்தக் கண்டேன்?”

“ஏன்டீ, ஒனக்கு வேற கல்லே கெடைக்கலையா?”

“அறிவழகன் சார் பரிணாமப் பாடம் நடத்துறாரும்மா. ஆதி மனுசன் தேச்சுத் தேச்சு செஞ்ச கல்லாயுதம் நம்ம பக்கத்துலயே கெடைக்குது, யார் வூட்லயாச்சும் இருந்தாக் கொண்டாங்கன்னாரு. படத்தக் காட்டினாரு. அப்படியே நம்ம ஆத்தா.” அன்பரசியின் குரல் இறங்கியது. “குப்புராஜ் மாமா வூட்ல ஒண்ணு குடுத்தாங்க. சவுரியப்பன் மாமா வூட்ல ஒண்ணு. ரெண்டையும் விட நம்முதுதாம்மா அழகு. அத சார் பாக்கணும்னு தோணுச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள வெச்சிரலாம்னுதான் இருந்தேன்.”

“கழுவினது யாரு?”

“மத்த ரெண்டுலயும் மண்ணு இருந்துச்சு. சார் கழுவி வைங்கன்னு சொன்னாரு. நான் பேச்சுப் போட்டிக்குப் போயிருந்தேன். எட்டாவது புள்ளைங்க மூணையும் சேத்துப் பாத்திரம் வெளக்குற பவுடர் போட்டுத் தேச்சிருச்சுங்க.”

இப்படி ஒரு பதிலுக்கு யாரைத் திட்டுவது? கோவிந்தம்மாள் மகளைப் பார்த்தாள். கேட்டு வாங்கிய பிள்ளை, கேட்ட இடத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டதே என்று நினைத்தாள். அழகென்று நினைத்துத்தானே எடுத்துப் போயிருக்கிறாள் என்றும் நினைத்தாள். இரண்டில் எதை முகத்தில் காட்டுவது என்று தெரியாமல், “போயித் தின்னு” என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அவளுக்கு அங்கே வழி தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு அவள்தான் தலைவர். பெற்றோர்களில் ஒரு பெண் தலைவராக வேண்டும் என்று தேர்தல் நடந்த அன்று முழங்கால் வலிக்கிறதென்று முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முன்னால் உட்கார்ந்தவள் என்று அவள் பேரைச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து மாதம் ஒரு கூட்டத்துக்கு வந்து, குடிதண்ணீரையும் கக்கூசுக் கதவையும் பற்றிப் பேசிவிட்டுப் போவாள்.

அறிவழகன் காரிமங்கலத்துக்காரர். வயது முப்பதுக்குள் இருக்கும். அவளைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“அக்கா, தப்பு என்னுதுதான். கோயில் கல்லுன்னு அன்பரசி சொல்லிச்சு. இத மட்டும் தொடாதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க.”

“அது கெடக்குதுங்க சார். கல்லக் குடுங்க, நான் கொண்டுட்டுப் போறேன்.”

அவர் பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை வெளியே எடுத்தார். தட்டில் மூன்று கல் இருந்தன. மூன்றும் ஒரு சாண். மூன்றும் ஒரு பக்கம் கூம்பி, ஒரு பக்கம் அகன்று, பச்சை கலந்த கறுப்பில் மின்னிக்கொண்டிருந்தன.

“இதுல எதுங்க எங்குளுது?”

அவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். அட்டை எழுதித்தான் வைத்திருந்தாராம். கண்காட்சி முடிந்து மேசையை ஒழிக்கும்போது பிள்ளைகள் அட்டைகளை ஒரு பக்கமும் கற்களை ஒரு பக்கமும் அள்ளிப் போட்டுவிட்டார்களாம். “நீங்க பாத்தாத் தெரிஞ்சிரும்னு நெனச்சேங்க்கா.”

நான் பார்த்தால் தெரியாமலா? கோவிந்தம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் கைக்குத் தெரியும். முதல் கல்லை எடுத்தாள். கட்டைவிரல் தானாகப் போய் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தது. இதுதான், அன்றைக்குப் பிடித்தது இதைத்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. எதற்கும் இருக்கட்டுமே என்று இரண்டாவதை எடுத்தாள். கட்டைவிரல் அதிலும் போய் உட்கார்ந்தது. மூன்றாவதிலும் அப்படியே. மூன்றும் அவள் கைக்கென்றே செய்தது போல இருந்தன.

“கையில புடிக்கறதுக்குன்னே செஞ்சிருக்கறாங்களா சார்?”

“இல்லீங்க்கா. கையில புடிக்கறதுக்கில்ல. மரக்கட்டையில தொளை போட்டு, அதுல சொருகிக் கட்டிக்குவாங்க. அப்புறம் காடு வெட்டுவாங்க.”

கையில் பிடிப்பதற்கே இல்லையாம். அப்படியானால் அன்றைக்கு அவள் பிடித்துக்கொண்டு அழுதாளே, அது என்ன? கோவிந்தம்மாள் கல்லைத் தட்டில் வைத்தாள். மற்ற இரண்டு கல்லும் யாருடையவை என்று கேட்டுக்கொண்டாள். குப்புராஜ் வீட்டுக் கல், இடி விழுந்தபோது வானத்திலிருந்து மண்ணில் இறங்கியதாம். அது இருக்கிற கூரையில் இன்னொரு இடி விழாதென்று பரணில் வைத்திருந்தார்களாம். சவுரியப்பன் வீட்டுக் கல், கிணறு வெட்டும்போது வந்ததாம். கோழிக்கூடை காற்றில் சாயாமல் இருக்க மேலே வைத்திருந்தார்களாம்.

“நாளைக்குக் கூட்டம் இருக்குதில்ல? மாமாவக் கூட்டிட்டு வர்றேன். பூசை பண்றவரு, அவருக்குத் தெரியும்” என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அதில் பாதி நம்பிக்கைதான் இருந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அவ்வளவு பேர் அதற்கு முன் வந்ததில்லை. பத்தாம் வகுப்பு அறையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை நிர்மலாதேவி எழுதுவதற்குத் தயாராகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். மூன்று கல்லும் மேசை மேல் இருந்தன. கோவிந்தம்மாளுக்குத் தலைவர் நாற்காலி.

மாதப்பன் எழுந்தார். சண்டைக்கு வந்தவர் போல் இல்லை. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார்.

“சாரு நல்ல மனுசன். அவரு பாடத்த நிறுத்தச் சொல்லி நான் வரல. தண்ணியில பூச்சியாப் பொறந்து, கொரங்காகி, மனுசனானான்னு அவரு சொல்றாரு…”

“கொரங்கு மனுசனாகலைங்க” என்றார் அறிவழகன். “கொரங்குக்கும் நமக்கும் முப்பாட்டன் ஒண்ணு.”

“சரி, பங்காளின்னு வெச்சிக்குவோம். சொல்லட்டும். அதே மாதிரி களியுருண்டையில மனுசன் வந்த எங்க கதையையும் அதே பீரியட்ல சொல்லட்டும். ரெண்டையும் புள்ளைங்க கேக்கட்டும். இதுல என்னா தப்பு?”

தப்பே இல்லையே என்று கோவிந்தம்மாளுக்குத் தோன்றியது.

அறிவழகன் பணிவாகத்தான் சொன்னார். “பாடப் புத்தகத்துலயே, உயிர்களக் கடவுள் படைச்சார்னு நம்பறாங்கன்னு ரெண்டு வரி இருக்குதுங்க.”

“எங்க ஆத்தாளுக்கு ரெண்டு வரியா? எலிப்பொறியப் பத்தி எழுதினாக்கூட ஒரு பக்கம் எழுதுவாங்களே!”

“கதை வேண்டாங்கல. தமிழய்யா பீரியட்ல சொல்லட்டும், விழாவுல சொல்லட்டும். அறிவியல் பீரியட்ல மட்டும், சோதிச்சுப் பாத்து, தப்பா இருந்தாத் தப்புன்னு கண்டுபுடிக்க முடியறதத்தான் நான் சொல்லலாம். உங்க கதைய நான் எப்படிச் சோதிக்கறது? நாளைக்கு இதுல இது தப்புன்னு ஒரு புள்ளை எழுந்து சொன்னா நீங்க ஏத்துக்குவீங்களா?”

இதுவும் சரியாகத்தான் இருந்தது. கோவிந்தம்மாள் தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகு, கொஞ்சம் முன்னால் மாதப்பனுக்கும் இதே போல ஆட்டினோமே என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

சவுரியப்பன் தொண்டையைச் செருமினார். “அவங்க கதைய வெச்சா எங்களுதும் வெக்கணும். எங்க பைபிள்ல ஆறு நாள்ல படைச்சாருன்னு இருக்குது. நம்ம ஃபாதர்கிட்டயே போயிக் கேட்டேன். நாளுன்னா நம்ம நாளு இல்லப்பான்னாரு. அப்ப எத்தன நாளுங்க ஃபாதர்னேன். பூசைக்கு நேரமாச்சுன்னு உள்ள போயிட்டாரு.”

“எங்கூட்ல எங்க அவ்வா தெலுங்குல வேற ஒண்ணு சொல்லுவாங்க” என்றார் குப்புராஜ். “அதுல மனுசனுக்கு முன்னாடி நாயி வந்துரும்.”

“வூட்டுக்கு ஒரு கதை வெச்சா, பரீட்சைக்குள்ள என் கிளாசு பேக்டீரியாவையே தாண்டாதுங்க” என்று அறிவழகன் சொல்ல, நிர்மலாதேவியே சிரித்துவிட்டார். மாதப்பனும்தான் சிரித்தார். ஆனால் உட்காரவில்லை.

“சரி மாமா” என்றாள் கோவிந்தம்மாள். “சார் வகுப்புல சொல்லட்டும்னே வெச்சிக்குவோம். இப்ப இவங்கெல்லாம் கேக்க, நீங்க ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க.”

மாதப்பன் திகைத்தார். “இப்பவா? களி இல்ல, ஆவி பறக்கல, கல்லுல மஞ்சளு இல்ல. வெள்ளிக்கிழமை மத்தியானம் எப்படிம்மா சொல்றது? அது சொல்லக் கூடாது.”

“அப்ப வகுப்புல மட்டும் எப்படிங்க சொல்றது?” என்றார் அறிவழகன்.

தான் கேட்டது தனக்கே குறுக்கே வந்து நிற்பதை மாதப்பன் அப்போதுதான் பார்த்தார் போல. கோவிந்தம்மாளுக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

“மாமா, அது கெடக்கட்டும். இதுல எது நம்ம ஆத்தா?”

மாதப்பன் மேசைக்கு வந்து குனிந்தார். ஒன்றைத் தூக்கினார், வைத்தார். இன்னொன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய காதோரம் வியர்த்தது. வாரா வாரம் எண்ணெய் ஊற்றிய கை அது.

“மஞ்சளப் பூசினாத் தெரியும்” என்றார் கடைசியில். “நான் மஞ்சளோடதானே அவளப் பாத்திருக்கறேன்.”

மடியிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். நிர்மலாதேவி, “இது வகுப்பறைங்க, பூசையெல்லாம் இங்க…” என்று ஆரம்பித்து, அறிவழகனைப் பார்த்தார். “அடையாளம் பாக்கறதுதானே மேடம், பூசட்டும்” என்றார் அவர். மாதப்பன் தண்ணீரில் குழைத்து மூன்று கல்லிலும் பூசினார். ஆளுக்கொரு பக்கமாகக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

நடுவில் இருந்த கல்லின் மஞ்சள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெல்ல மெல்லச் சிவந்தது.

குங்குமம் வைத்தது போல இருந்தது. மாதப்பன் ஒரு சத்தம் போட்டார். அது பேச்சுமில்லை, அழுகையுமில்லை. சுகுணா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கோவிந்தம்மாளுக்குக் கை முழுக்க மயிர்க்கால்கள் எழுந்து நின்றன.

“ஒரு நிமிசம், ஒரு நிமிசம்” என்றார் அறிவழகன். அவரும் கொஞ்சம் பதறித்தான் இருந்தார். “அது சோப்புங்க. பவுடர் சரியாப் போகாம ஒட்டியிருக்குது. காரம் பட்டா மஞ்சள் செவக்கும்.” வெளியே ஓடினார். கையில் பாத்திரம் விளக்குகிற பவுடரோடு வந்தார். மற்ற இரண்டு கல்லின் மேலும் ஒரு சிட்டிகை தூவித் தண்ணீர் தெளித்தார். அவையும் சிவந்தன. மேசையில் சிந்தியிருந்த மஞ்சளின் மேல் தூவினார். மேசையும் சிவந்தது.

கோவிந்தம்மாளுக்கு அது தெரியாத சங்கதியா? ஆரத்தி சுற்ற மஞ்சளோடு சுண்ணாம்பைக் கலந்து சிவக்க வைக்காத கையா அவளுடையது? சார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சரிதான் என்று புத்திக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் எழுந்து நின்ற மயிர் இன்னும் படியவில்லையே, அதற்கு யார் போய்ச் சொல்வது?

“பாத்தீங்களா?” என்றார் அறிவழகன்.

“பாத்தேன்” என்றார் மாதப்பன். “ஒருத்தியக் கூப்பிட்டா மூணுலயும் வர்றா.”

“மேசையிலயும் வந்திருக்கறாங்களே!”

“எங்கூட்டுக் கோழிக்கூடைக் கல்லுலயுமா?” என்று சவுரியப்பன் கேட்டார். கேலியா, பயமா என்று அவர் குரலில் பிரிக்க முடியவில்லை.

இப்போது எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். கோவிந்தம்மாள் எழுந்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரியாமலேதான் எழுந்தாள்.

“சார், இந்தக் கல்லச் செஞ்சவன் சாமி கும்பிட்டானுங்களா?”

அறிவழகன் யோசித்தார். “தெரியலைங்க்கா. அது கல்லுல தெரியாது.”

“மாமா, இதுல எதுன்னு உங்களுக்கும் தெரியல.”

“தெரியலம்மா” என்றார் மாதப்பன், சின்னக் குரலில்.

“ரெண்டு பேருமே தெரியலங்கறீங்க. நான் எட்டாவதோட நின்னவ. எனக்குச் சார் பேசினாச் சார் சரி, மாமா பேசினா மாமா சரி. நேத்திலிருந்து தலைக்குள்ள மாட்டுக்கு லாடம் அடிக்கற மாதிரி இருக்குது.” யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “பாடம் வகுப்புல நடக்கட்டும், யாரும் நிறுத்த வேண்டாம். என் மவ அதப் படிக்கணும். கதை வகுப்புக்கு வர வேண்டாம். கல்லுக்கு முன்னாடிதான் சொல்லணும்னு மாமாவே சொல்றாரு. அத அங்கயே சொல்லட்டும். ஞாயித்துக்கிழமை மூணு கல்லும் மேட்டுக்கு வரட்டும். சாரும் வாங்க. குப்புராஜண்ணா, சவுரியண்ணா, நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கணும். எது எங்குளுதுன்னு தெரியாம ஒண்ண மட்டும் தூக்கிட்டுப் போக எனக்கு மனசில்ல. இது சரியான்னு கேக்காதீங்க. தெரியல.”

நிர்மலாதேவி எழுதிக்கொண்டே, “கடைசி வரியையும் எழுதணுமா கோவிந்தம்மா?” என்றார்.

“எழுதுங்க மேடம். அதுதான் எனக்கு நல்லாத் தெரியறது.”

ஞாயிற்றுக்கிழமை மேட்டில் கூட்டம் நின்றது. களிப் பானையிலிருந்து ஆவி பறந்தது. புங்கமரத்தடியில் மூன்று கல்லையும் பக்கம் பக்கமாக வைத்தபோது ஒன்று உருண்டது. அதற்கு முட்டுக் கொடுக்க, மாதப்பன் மூன்றையும் முகம் சேர்த்து முக்கோணமாக நிறுத்தினார். நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதையை எடுத்தார்.

“எல்லாம் தண்ணிங்க. ஆத்தாளுக்கு நிக்க எடமில்ல. மடியில கைய விட்டா, கல்லு வந்துச்சு. ஒண்ணு மேல நின்னா. சிரிச்சா. எச்சி தெறிச்சுது, கேவுரு மொளச்சுது. ஒண்ணால அரைச்சா. அரைச்ச மாவ என்னா பண்ணுவா? பச்சையாவா உருட்டுவா? மூணையும் கூட்டி அடுப்பு வெச்சா.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. “இந்தக் கல்லுல அடுப்பா? காப்பித்தண்ணி வெக்கக்கூடப் பத்தாது” என்று சுகுணா முணுமுணுத்தாள்.

“அப்ப ஆத்தாளே சின்னப்புள்ளைம்மா” என்றார் மாதப்பன், கண்ணைத் திறக்காமல். கதை மேலே போயிற்று.

கோவிந்தம்மாள் அப்படியே நின்றாள். அடுப்பு! இத்தனை வருசம் கேட்டோமே, களியை எதில் வைத்துக் கிண்டினாள் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லையே? போன வருசம் அடுப்பு இருந்ததா? இல்லை, ஒரே கல்தான். அப்படித்தானே? பக்கத்தில் நின்ற வயசான பெண்கள், வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தன் நினைவின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. தூரத்தில் களித் தட்டோடு நின்ற அறிவழகனைப் பார்த்தாள். அவர் மாதப்பனையே வாய் லேசாகத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கேலி இல்லை. வகுப்பில் நல்ல கேள்வி கேட்ட பிள்ளையைப் பார்க்கிற முகம்.

கதை முடிந்தது. “முதல் மஞ்ச” என்று மாதப்பன் குரல் கொடுத்தார்.

கோவிந்தம்மாள் போய் மண்ணில் உட்கார்ந்தாள். அன்பரசி மஞ்சள் கிண்ணத்தோடு பக்கத்தில் குந்தினாள்.

“அம்மா, எதும்மா நம்முது?”

“தெரியலடி.”

“அப்ப யார்கிட்டம்மா சொல்லுவ?” மகள் கிண்ணத்தை மடியில் இறக்கிக்கொண்டாள். “என்னாலதானே இப்படி ஆச்சு?”

கோவிந்தம்மாள் மஞ்சளைத் தொட்டு, கைக்கு எட்டிய கல்லில் வைத்தாள். கல் குளிர்ந்திருந்தது. யாரோ ஒருத்தர், ஆணோ பெண்ணோ, இந்த வழவழப்பு வரும்வரை உட்கார்ந்து தேய்த்திருக்கிறார். சார் சொன்னதை நம்பினால் அது காடு வெட்ட. மாமா சொன்னதை நம்பினால் களி கிண்ட. எதுவானாலும் பிள்ளை குட்டிக்குச் சோறு போடத்தானே தேய்த்திருக்க வேண்டும்? வழக்கமாகச் சொல்கிற வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தாள். ‘நீ குடுத்தது’ என்று ஆரம்பிக்க வேண்டும். எந்த நீ என்று தெரியாமல் நாக்கு நின்றது. பின்னால் வரிசை காத்திருந்தது.

“யாரு செஞ்சீங்களோ, நல்லா இருங்க” என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

அன்பரசி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “சாமியப் போயி யாராச்சும் வாழ்த்துவாங்களாம்மா?”

கோவிந்தம்மாளுக்கே திக்கென்றது. வருசா வருசம் கும்பிட்ட வாய், இப்போது பெரிய மனுஷி மாதிரி ஆசீர்வாதம் செய்துவிட்டதே! இது தப்பா? கேட்டால் மாமா என்ன சொல்வார், சார் என்ன சொல்வார்? இருவருமே தெரியாது என்பார்கள் என்று தோன்றியது. மகளின் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் வியர்வையும் கன்னத்தில் மஞ்சளுமாக, நன்றாகத்தான் இருந்தது முகம். யார் செய்தார்களோ, நன்றாகச் செய்திருந்தார்கள்.

“வாழ்த்தினாக் கொறஞ்சா போயிருவாங்க? பேசாமக் கிண்ணத்த இப்பிடிக் காட்டு” என்றாள். “இன்னும் ரெண்டு இருக்குது.”